ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸுக்கு வீட்டிலேயே ஆயில் மாத்தணும்: 800 மிலியா, 900 மிலியா?

கொள்ளிடக்கரை:
வண்டி ஸ்ப்ளெண்டர் பிளஸ், 2016 மாடல், கார்புரேட்டர் வண்டி. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆயிலை நானே மாத்தலாம்னு இருக்கேன். மூணு சந்தேகம். கையேட்டில் 0.8 லிட்டர்னு ஒரு அளவும் 1 லிட்டர்னு ஒரு அளவும் போட்டிருக்கு. கடையில் 900 மிலி பாட்டில்தான் கிடைக்குது. எவ்வளவு ஊத்தணும்? வீட்டில் காருக்கு வாங்கின ஆயில் மீதி இருக்கு, அதுவும் 10டபிள்யூ30தான். அதையே ஊத்தலாமா? அப்புறம், ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கு? வெளியில் அதுக்கான மூடி எதையும் காணோம்.

ரிங் ஸ்பேனர்:
0.8 லிட்டர்தான் உங்களுக்கு. 1 லிட்டர் என்பது இன்ஜினை முழுக்கப் பிரித்து மாட்டும்போது ஊற்றும் அளவு. சும்மா இன்ஜினின் அடியில் இருக்கும் வடிகால் நட்டைக் கழற்றி வடித்தால் உள்ளே 200 மிலி போல தங்கிவிடும். 900 மிலி பாட்டிலை வாங்குங்கள், ஆனால் முழுசாகக் கவிழ்க்காதீர்கள். மீதி 100 மிலியை மூடி வைத்தால் பிறகு லெவல் குறையும்போது டாப்-அப்புக்கு ஆகும்.

ஆரம்பிக்கும் முன் வண்டியை மூன்று, நான்கு நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். ஆயில் இளகி அழுக்கோடு இறங்கினால் போதும், கொதிக்க வேண்டாம். சைலென்சர் பெண்ட் பைப் பக்கத்திலேயே இருக்கிறது, முழங்கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட். மேலே ஆயில் கேப்பைத் திறந்துவிட்டு, கீழே 17 நம்பர் ரிங் ஸ்பேனரால் நட்டைக் கழற்றுங்கள். ஓபன் ஸ்பேனர் வேண்டாம், முனை மழுங்கிவிடும்.

திசையில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். நட்டின் தலை தரையைப் பார்த்து இருக்கிறது. மேலே குனிந்து பார்த்துக்கொண்டு, வழக்கமான கழற்றும் திசை என்று நினைத்துத் திருப்பினால் உண்மையில் இறுக்குகிறீர்கள். "இறுகிப்போச்சு, வரமாட்டேங்குது" என்று ஸ்பேனரில் பைப்பைச் சொருகி மிதித்தால் மரை போச்சு. தரையில் படுத்து, நட்டின் தலையை நேராகப் பார்த்து, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

ஆயில் சொட்டும் நிலைக்கு வந்ததும் சாவியை ஆஃபில் வைத்து கிக்கரை ஏழெட்டு தடவை மெதுவாக மிதியுங்கள், இன்னும் கொஞ்சம் வரும். நட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, முதலில் விரலாலேயே ஏற்றுங்கள். நாலு சுற்று கையால் போகவில்லை என்றால் மரை மாறி ஏறுகிறது; கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். கடைசி டைட் சுமார் 25 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால் ஸ்பேனரை நடுவில் பிடித்து, வாஷர் உட்கார்ந்தது கையில் தெரிந்த பிறகு கால் சுற்று. அதற்கு மேல் ஒரு இழுப்புகூட வேண்டாம்.

ஃபில்டர் வெளியில் இருக்காது, சரிதான். இந்த இன்ஜினில் மாற்றுகிற பேப்பர் ஃபில்டரே இல்லை. ஒரு கம்பி வலையும், கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) முனையில் சுழன்று அழுக்கை ஓரத்துக்கு ஒதுக்கும் சென்ட்ரிஃப்யூகல் ஃபில்டரும் உண்டு. இரண்டும் கிளட்ச் பக்க மூடிக்கு உள்ளே. அதைச் சுத்தம் செய்ய கிக்கரைக் கழற்றி, மூடியை எடுத்து, புது கேஸ்கெட் போட வேண்டும். எவ்வளவு ஓட்டத்துக்கு ஒருமுறை அதைச் செய்ய வேண்டும் என்று கையேட்டில் தனியாக இருக்கிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் தேவையில்லை. ஆனால் ஒரு தடவைகூடச் செய்யாமல் வருஷக்கணக்கில் ஓட்டினால் அந்தச் சுழலும் ஃபில்டருக்குள் கறுப்புக் களிம்பு அப்பிக்கொள்ளும். பிறகு எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றியும் பிரயோசனமில்லை.

கிளட்ச் பிளேட்:
கார் ஆயில் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஊற்றாதீர்கள். காரில் கிளட்ச் தனி, கியர்பாக்ஸ் ஆயில் தனி. இந்த வண்டியில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. 10டபிள்யூ30 என்பது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்கிறது. மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் பொருள் கார் ஆயிலில், அதுவும் 10டபிள்யூ30 மாதிரி மெல்லிய கிரேடுகளில், கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அது கிளட்ச் பிளேட்டில் ஊறினால் மேட்டில் ஏறும்போது இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பாட்டிலின் பின்பக்கம் ஜாசோ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

லெவல் பார்ப்பதிலும் ஒரு விஷயம். முதலில் 750 மிலி ஊற்றி, கேப்பை மூடி இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து கேப்பை எடுத்து, அதோடு இருக்கும் அளவுக் குச்சியைத் துடைத்து, துளையில் சும்மா உட்கார வைத்து எடுத்துப் பாருங்கள், திருகக் கூடாது. திருகினால் குச்சி ஆழமாக இறங்கும், ஆயில் குறைவாக இருந்தாலும் நிறைவாகக் காட்டும். சைடு ஸ்டாண்டில் பார்ப்பதும் வீண். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும்.

கூடுதலாக ஊற்றினால் நல்லது என்ற நினைப்பு பல இடத்தில் இருக்கிறது. இல்லை. கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், இன்ஜினின் காற்று வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் போகும், பிக்அப் மந்தமாகும். குறைந்தால் இன்னும் மோசம்: ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஹெட்டில், அதாவது இன்ஜினின் மேல்பகுதியில், வால்வைத் திறக்கும் கேமும் ராக்கரும் முதலில் தேயும்.

மேலவீதி:
இதே வண்டிதான், நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். வெளியில் ஆயில் மாத்தினதிலிருந்து கீழ் நட்டுல சொட்டுது. எம்-சீல் வெச்சு அடைச்சிரலாமா?

ரிங் ஸ்பேனர்:
வேண்டாம். ஆயில் பட்ட இடத்தில் அது பிடிக்காது, அடுத்த முறை நட்டைக் கழற்றவும் விடாது. டெஃப்லான் டேப்பும் கூடாது. அதன் துணுக்கு உள்ளே போய் வலையை அடைக்கும்.

கசிவு நட்டில்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மண்ணெண்ணெய்த் துணியால் அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடரைத் தூவி கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். எங்கிருந்து வருகிறதோ அங்கே பவுடரில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். இடதுபக்க கியர் ஷாஃப்ட் சீலிலோ, சின்ன ஸ்பிராக்கெட் பக்கத்து சீலிலோ ஒழுகி, ஓடி வந்து நட்டில் சொட்டுவது சகஜம். அப்படியென்றால் நட்டை இறுக்கி இறுக்கி மரையைக் கெடுத்ததுதான் மிச்சம்.

நட்டில்தான் என்றால் புது வாஷர் போடுங்கள், பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். பழைய வாஷர் ஏற்கனவே நசுங்கியிருக்கும், மறுபடி சரியாக உட்காராது. இறுக்கும்போது பிடிமானமே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனால் கேஸின் அலுமினிய மரை போய்விட்டது. லேத் பட்டறையில் ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதில் பொருத்தும் கம்பிச் சுருள் மரை) போடச் சொல்லுங்கள். ஓவர்சைஸ் நட்டு இரண்டாம் பட்சம், அதற்கப்புறம் வழி குறைவு. எதுவானாலும் துளையிட்ட பிசிர் உள்ளே தங்காமல், கொஞ்சம் மலிவு ஆயிலை ஊற்றி வடித்துவிட்ட பிறகே நட்டை மூட வேண்டும்.

கொள்ளிடக்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றி, தெளிவாயிடுச்சு. வடிச்ச ஆயிலில் ஏதாவது பார்க்கணுமா? அதை செயினுக்கு விடலாம்னு அப்பா சொல்றார்.

கிளட்ச் பிளேட்:
பாருங்கள். கறுப்பாக இருந்தால் கவலையில்லை, அழுக்கை ஆயில் தன்னோடு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டிய வண்டியில் வரும். விரலில் தேய்த்தால் மெல்லிய சாம்பல் மினுக்கல் கொஞ்சம் இருப்பது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் செதில் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மோந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்து, ஊற்றாமலே லெவல் ஏறியிருந்தால், கார்புரேட்டர் ஃப்ளோட் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் உள்ளே இறங்கலாம். அதைச் சரிசெய்யாமல் புது ஆயில் ஊற்றினால் அதுவும் நீர்த்துப்போகும்.

செயினுக்கு வேண்டாம். அந்த ஆயிலில் இருப்பது இரும்புத் தூள், செயின் ரோலரைத் தேய்க்கும். செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில் போதும். வடித்ததைப் பழைய பாட்டிலிலேயே புனல் வைத்து ஊற்றி இறுக மூடி, கழிவு ஆயில் சேர்த்து அனுப்பும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டக் கூடாது. கையில் பட்டதை அப்போதே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.