ஒரே ஒரு ஆய்வுக் கிணறு: முடிவு வரும்வரை பங்கை வைத்திருக்கலாமா?

கேள்வி:
ஒரு சிறிய எண்ணெய் ஆய்வு நிறுவனத்தின் பங்கு கையில் இருக்கிறது. உற்பத்தி கிடையாது. எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கக் கடலில் ஒரே ஒரு ஆய்வுக் கிணறு தோண்டப் போகிறது. துளையிடும் கப்பல் உறுதியானதிலிருந்து விலை ஏறுகிறது. வைத்திருக்கவா, பாதியை விற்கவா?

பதில்:
வைத்திருங்கள். பெரிய எண்ணெய் நிறுவனமான ஷெல் விலகிய ராஜஸ்தான் பகுதியில்தான் கெய்ர்ன் எனர்ஜி நிறுவனம் 2004இல் மங்களா எண்ணெய் வயலைக் கண்டது. பங்கு எப்படிப் பறந்தது!

பதில்:
நான் பாதியை விற்பேன். மங்களாவில் எண்ணெய் கண்டது 2004, உற்பத்தி தொடங்கியது 2009. மெழுகு மிகுந்த எண்ணெய். உறையாமல் கொண்டுபோகச் சூடேற்றிய குழாய் போட வேண்டியிருந்தது. நிலத்திலேயே இவ்வளவு தாமதம்! தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்து தீவுகளின் கடலில் சீ லயன் எண்ணெய் வயல் 2010இல் கண்டுபிடிக்கப்பட்டது. பத்தாண்டு கடந்தும் உற்பத்தி இல்லை. அதுவரை நிறுவனம் எதை வைத்துப் பிழைக்கும்? புதிய பங்கு வெளியிடும், உங்கள் பங்குவீதம் கரையும். இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நிறுவன அறிக்கையில் வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 20 என்றால் ஐந்தில் நான்கு முறை கிணறு வறண்டதாக, அதாவது எடுக்கத் தகுந்த எண்ணெய் இல்லாததாக இருக்கும் என்ற மதிப்பீடு அது. வறண்டால் விலை ஒரே காலையில் சரியும். இடையில் விற்க வாய்ப்பே கிடைக்காது. கிணற்றுச் செலவை யார் ஏற்கிறார்கள்?

கேள்வி கேட்டவர்:
பெரிய கூட்டாளி ஒன்று செலவு முழுவதையும் ஏற்கிறது. வெற்றி வாய்ப்பு 22 சதவீதம்.

பதில்:
செலவைக் கூட்டாளி ஏற்பது நல்ல செய்தி. கிணறு வறண்டாலும் நிறுவனத்தின் கையிருப்புப் பணம் தப்பும். ஆனாலும் போட்ட முதலை இப்போதே எடுத்துவிடுங்கள், மீதி இருக்கட்டும்.