பின் டிஸ்க் மாற்றும் முன் காலிப்பரைப் பாருங்கள்: பழைய சிவிக் அனுபவம்

என்னுடையது 2009 ஹோண்டா சிவிக், 1.8 பெட்ரோல். நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தகடுதான் டிஸ்க்; பிரேக் மிதித்தால் அதை இரு பக்கமும் பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் கவ்விப் பிடிப்பது காலிப்பர். வீடு திருவான்மியூரில், கடல் காற்று நேரே வாசலுக்கு வரும் தெரு. வண்டி பெரும்பாலும் நின்றே கிடக்கும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். பழைய கார், உப்புக் காற்று, ஓட்டம் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் அடிபடுவது பின் டிஸ்க்தான். அதை மாற்றியபோது பார்த்ததையும் கற்றதையும் எழுதுகிறேன், இதே வயதுள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதல் அறிகுறி சத்தம். பிரேக் மிதித்தால் பின்னாலிருந்து சொரசொரவென்று உராய்வு, கூடவே சீட்டுக்கு அடியில் லேசான அதிர்வு. ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. முன் டிஸ்க்கில் கோளாறு என்றால் பெரும்பாலும் கையில் தெரியும், பின் டிஸ்க் என்றால் உட்காரும் இடத்திலும் பெடலிலும் தெரியும். இன்னொன்றும் கவனித்தேன். ஓட்டிவிட்டு இறங்கி அலாய் வீல் பக்கம் கையைக் கொண்டுபோனால் இடது பின் சக்கரத்தில் அனல் அடித்தது, வலது பக்கம் சாதாரணமாக இருந்தது. டிஸ்க்கின் வயதுதான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது என்றால் எங்கோ எதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

முதலில் போன பட்டறையில் வீலைக் கழற்றி, வெளிப்பக்கத்துத் துருவைக் காட்டி, "லேத்துல ஒரு கட்டிங் போட்டுடலாம் சார், புதுசு எதுக்கு" என்றார்கள். முன் டிஸ்க்குக்கு அந்த யோசனை, அதாவது கடைசல் இயந்திரத்தில் ஏற்றி மேற்பரப்பைச் சீவுவது, சில சமயம் சரி. அது உள்ளே காற்று போகும் தடிமனான டிஸ்க், கடைய கொஞ்சம் இடம் இருக்கும். சிவிக்கின் பின் டிஸ்க் ஒற்றைத் தகடு. புதிதாக இருக்கும்போதே 9 மில்லிமீட்டர்தான், 8-க்குக் கீழே போகக் கூடாது. ஆக மொத்தம் கையில் இருப்பது 1 மில்லிமீட்டர், ஒரு பக்கத்துக்கு அரை. பல வருடம் ஓடிய டிஸ்க்கில் அதிலும் பாதிக்கு மேல் போயிருக்கும். லேத்தில் ஏற்றித் துரு போகும்வரை கடைந்தால் பளபளவென்று வரும், ஆனால் அளவு எல்லையைத் தாண்டிவிடும். தகடு மெலிந்தால் சூட்டைத் தாங்காது. பேட்டும் தேயும்போது அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வர வேண்டியிருக்கும். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், துருவைத் துடைத்துத் தேடிப் பாருங்கள்.

அளப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பேட் படாத வெளி விளிம்பில் துரு சேர்ந்து ஒரு வரப்பு நிற்கும். வெர்னியர் அளவுகோலை நேரே வைத்தால் அது வரப்பின் மேல் உட்கார்ந்து, டிஸ்க் புதிது மாதிரி எண் காட்டும். மைக்ரோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரே மாதிரியான இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து, முதலில் இரண்டையும் சேர்த்து வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு டிஸ்க்கின் இரு பக்கமும் பேட் தேய்க்கும் இடத்தில் ஒவ்வொன்றை வைத்து, அவற்றின் மேல் வெர்னியரைக் கடித்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிடுங்கள். ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல் சுற்றிலும் பல இடத்தில் பாருங்கள். எனக்கு வலது பக்கம் 8.6 வந்தது. இடது பக்கம் 8.1. கடைவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது பட்டறைக்காரர் ஹோண்டா வண்டிகளிலேயே ஊறியவர். டிஸ்க்கை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, நேரே இடது காலிப்பரைக் கழற்றினார். உள் பேட் கிட்டத்தட்ட இரும்பு வரை தேய்ந்திருந்தது. வெளி பேட்டில் பாதிக்கு மேல் மிச்சம். "சார், டிஸ்க்கைக் கொன்னதே இதுதான்" என்று கைடு பின்னைக் காட்டினார். காலிப்பர் இப்படியும் அப்படியும் நகர்வதற்காக இருக்கும் இரண்டு பின்களில் ஒன்று, ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் இறங்கி, துளையோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். பிஸ்டன் உள் பேட்டைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிப்பர் நகர்ந்து வெளி பேட்டை இழுக்க வேண்டும். கைடு பின் பிடித்துக்கொண்டால் அந்த இரண்டாவது வேலை நடக்காது. உள் பேட் மட்டும் உராய்ந்து உராய்ந்து உள்பக்கத்தில் கோடு கோடாகக் குழி பறிக்கும், பெடலை விட்டாலும் சரியாக விலகாது, அனல் அங்கிருந்துதான். வெளிப்பக்கத்தில் பேட் அழுத்தமே இல்லாததால் துரு படரும். வீல் இடுக்கில் பார்ப்பவர் கண்ணில் படுவது துரு. உண்மையான சேதம் உள்ளே.

பின் பிரேக்குக்கு இது அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. பிரேக் போட்டால் வண்டியின் எடை முன்னால் சாயும், அதனால் பெரும்பாலான வேலையை முன் பிரேக்கே செய்துவிடும். பின் டிஸ்க்கைப் பேட் தேய்ப்பது லேசாகத்தான். மழையில் நனைந்து நின்ற வண்டியில் படியும் மெல்லிய துருவை முன் டிஸ்க் இரண்டு சிக்னலில் உதறிவிடும், பின் டிஸ்க்கால் அது முடியாது. போதாததற்கு ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பரில்தான். காலிப்பருக்குப் பின்னால் கேபிள் மாட்டியிருக்கும் நெம்புகோலைப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் அது தன்னைத் தடுக்கும் முனையில் போய் முட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கேபிளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போது நின்றால் குற்றம் கேபிள் உறைக்குள், அப்போதும் நிற்காவிட்டால் காலிப்பருக்குள். எனக்கு அது நன்றாகவே இருந்தது.

இதைச் சரிசெய்யாமல் எத்தனை ஆயிரம் கொடுத்துப் புது டிஸ்க் போட்டாலும் அதுவும் அதே கதிக்குத்தான் போகும். கைடு பின்னைக் கழற்றி, துளையைச் சுத்தம் செய்து, புதுப் பின், புது ரப்பர் உறை, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் தடவ விடாதீர்கள், ரப்பர் ஊதி மறுபடி பிடித்துக்கொள்ளும்.

டிஸ்க் தேர்வுக்கு வருவோம். சேஸிஸ் நம்பரைச் சொல்லி ஒரிஜினல் விலையைக் கேட்டுக்கொண்டு, அப்புறம் சென்னையின் வண்டி உதிரிபாகக் கடைத் தெருவான ஜி.பி. ரோடு போனேன். அங்கே மாடல் பெயரைச் சொன்னால் உடனே ஒரு பெட்டி வரும். பெட்டியைப் பார்க்காமல் உள்ளே இருப்பதை அளக்க வேண்டும். விட்டம் 260, தடிமன் 9, ஐந்து துளை. பலர் விட்டுவிடுவது டிஸ்க்கின் நடுவில் புடைத்திருக்கும் தொப்பியின் உயரம். அது ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் டிஸ்க் காலிப்பரின் நடுவில் ஓடாது. பழைய டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உத்தமம். துளை போட்டது, கோடு வெட்டியது எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓடும் வண்டியின் பின் சக்கரத்தில் அதனால் ஒரு பலனும் இல்லை, துளை ஓரத்தில் விரிசல் விட வாய்ப்புதான் அதிகம். கடலோரத்தில் இருப்பவர்கள் தொப்பியிலும் விளிம்பிலும் துருத் தடுப்புப் பூச்சு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், கொடுக்கும் கூடுதல் காசுக்கு அர்த்தம் உண்டு. நான் பூச்சுள்ள சாதாரணத் தட்டை டிஸ்க்கையே எடுத்தேன். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து, புதுப் பேட்டோடு.

பழையதைக் கழற்றுவது தனிக் கதை. சிவிக்கில் டிஸ்க்கை ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியோடு, இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை வழுக்கிப் போகும், பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். மெக்கானிக், அடித்தால் திருகும் இம்பாக்ட் டிரைவரை வைத்து, சுத்தியலால் ஓங்கி ஒரே அடி. டக்கென்று விட்டது. அதன் பிறகும் டிஸ்க் அசையவில்லை, ஹப்போடு துருவில் இறுகியிருந்தது. டிஸ்க்கில் மரை வெட்டிய இரண்டு காலித் துளைகள் இருக்கும், அதற்காகவே வைத்தவை. அதில் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டைப் போட்டு, இதில் அரைச் சுற்று அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினார். கிர்ரென்று முனகி, சட்டென்று தகடு வெளியே வந்தது. டிஸ்க்கைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடிப்பவரிடம் இந்தத் துளைகளைக் காட்டுங்கள். பாவம், அந்த அடியை வாங்குவது சக்கரப் பேரிங்.

அடுத்து ஹப். நான் பக்கத்தில் நின்று வலியுறுத்தியது இதைத்தான். ஹப் முகத்தில் மெல்லிய துருச் செதில் மிச்சமிருந்தாலும் அதன் மேல் உட்காரும் டிஸ்க் துளி சாய்ந்து நிற்கும், விளிம்பில் அந்தச் சாய்வு பெருகும். சுழலும்போது விளிம்பு ஆடுவதற்கு ஹோண்டா சொல்லும் எல்லை 0.10 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் ஓட ஓட டிஸ்க் ஓரிடத்தில் அதிகம் தேய்ந்து தடிமன் மாறி, பெடல் துடிக்க ஆரம்பிக்கும். "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்று சொல்லி மாற்றப்படும் பல டிஸ்க்குகளின் உண்மைக் கதை இதுதான். கம்பி பிரஷ், எமரித் தாள், துடைப்பு. புது டிஸ்க்கின் மேல் இருக்கும் எண்ணெயைப் பிரேக் க்ளீனரால் கழுவிய பிறகே மாட்ட வேண்டும்.

பிஸ்டனை உள்ளே அனுப்பும்போதும் கவனம். ஹேண்ட் பிரேக் அமைப்பு உள்ளேயே இருப்பதால் சி-கிளாம்ப் போட்டு நேரே அழுத்தினால் போகாது, பலவந்தம் செய்தால் உள்ளே உடையும். அழுத்திக்கொண்டே கடிகார முள் திசையில் திருக வேண்டும், அதற்கென்று டூல் இருக்கிறது. கடைசியில் பிஸ்டன் முகத்திலுள்ள பள்ளம், உள் பேட்டின் முதுகில் இருக்கும் சிறு முனைக்கு நேராக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பேட் சாய்ந்து உட்கார்ந்து கோணலாகத் தேயும். பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் மேலே ஏறும், டேங்க் வழிகிறதா என்று பாருங்கள். பெயிண்டில் பட்டால் பெயிண்ட் போச்சு.

வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி முடிக்க விடவில்லை. குறுக்கு வரிசையில், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 108 நியூட்டன் மீட்டர். வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கிய பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளை அட்ஜஸ்ட் செய்தோம். அன்று இரவு காலியான ஈ.சி.ஆர். பகுதியில் வேகத்தை 60 கி.மீ.-லிருந்து 15, 20 வரை மிதமாக இறக்கி, முழுதாக நிறுத்தாமல், இடையில் ஆற விட்டுச் சில முறை ஓட்டினேன். இப்போது இரண்டு பக்கமும் ஒரே சூடு.

பதில் (கோயம்புத்தூர், பழைய பென்ஸ் வைத்திருப்பவர்):

நல்ல பதிவு அண்ணா. என்னுடையது டபிள்யூ124, ஈ220. இதில் கதையே வேறு. பின் காலிப்பர் நகராது, இரண்டு பக்கமும் பிஸ்டன் உண்டு, திருக வேண்டாம், நேரே அழுத்தினால் போதும். இரண்டு பின்னைத் தட்டி எடுத்தால் பேட் கையோடு வந்துவிடும். ஆனால் ஹேண்ட் பிரேக்குக்கு டிஸ்க்கின் தொப்பிக்குள்ளே சின்ன டிரம் மாதிரி தனி ஷூ இருக்கிறது. பழைய தொப்பியின் உள்ளே தேய்ந்து வரப்பு விழுந்திருந்தால், ஷூ அதில் மாட்டிக்கொண்டு டிஸ்க் வராது. வீல் போல்ட் துளை வழியாக டார்ச் அடித்து, உள்ளே தெரியும் பல் சக்கரத்தை ஸ்க்ரூடிரைவரால் தளர்த்திவிட்டு இழுக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் இது தெரியாமல் இழுத்து ஸ்ப்ரிங்கைப் பிய்த்துவிட்டார். புது டிஸ்க் வாங்கும்போது தொப்பியின் உள்விட்டத்தையும் பாருங்கள், ஷூ லைனிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். வெளி விட்டம் என் வண்டிக்கு 258.

பதில் (புதுச்சேரி):

பட்டன் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு ஃபோக்ஸ்வேகன் பஸாட், பி6 மாடல். காலிப்பரிலேயே மோட்டார் இருக்கும். ஸ்கேனர் மாட்டி, மோட்டாரைச் சர்வீஸ் நிலைக்குப் பின்வாங்கச் செய்த பிறகே பிஸ்டனைத் தொட வேண்டும். சாதாரணப் பட்டறையில் ஸ்கேனர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். புதுவைக் காற்றில் பின் டிஸ்க் துரு எங்களுக்கும் தீராத தலைவலிதான்.

பதில் (நாகர்கோவில்):

சார், ஒரு சந்தேகம். எனக்கும் சிவிக்தான், பின் பேட் தேய்ந்துவிட்டது. டிஸ்க் 8.7 இருக்கிறது, மேலே லேசான கோடுகள். பேட் மட்டும் மாற்றினால் போதுமா?

என் பதில்:

போதும் தம்பி, இரண்டு நிபந்தனையோடு. உள் பேட்டும் வெளி பேட்டும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். நகத்தைக் குறுக்கே ஓட்டினால் கோட்டில் நகம் சிக்கக் கூடாது. இரண்டும் சரி என்றால் விளிம்பு வரப்பை மட்டும் எமரியால் தட்டிவிட்டுப் புதுப் பேட் போடுங்கள். கைடு பின் இரண்டையும் வெளியே எடுத்து, துடைத்து, கிரீஸ் போடச் சொல்லுங்கள். ரப்பர் உறையில் கீறல் தெரிந்தால் அதையும் அன்றே மாற்றிவிடுங்கள், டிஸ்க் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.