விரலில்லாக் கையுறையா, வெறுவிரல் கையுறையா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோடையில் அணிவதற்காக மெல்லிய பருத்தி நூலில் குரோஷா எனும் கொக்கி ஊசியால் பின்னப்படும், விரல்களை மூடாத கையுறையைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இந்த மடல் இழையில் நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்று நானே முன்மொழிந்தது; அதை இம்மடலில் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்றை முன்வைக்கிறேன்.

பெயரிடுமுன் பொருளைச் சரியாகப் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தக் கையுறை மணிக்கட்டில் தொடங்கி, விரல்கள் கிளைக்கும் கணுக்களுக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுகிறது. வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருக்கும்போது வெயில் நேராக விழுவது புறங்கையில்தான் என்பதால் அந்தப் பகுதி நெருக்கமாகவும், வியர்க்கும் உள்ளங்கைப் பகுதி வலைபோலத் திறந்தும் பின்னப்படுவது சிறப்பு. முழுவதும் வலையாகவே பின்னினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெயில் துளைகள் வழியே உள்ளே வந்துவிடும். பிரேக் பிடிக்கவும் சாவி திருகவும் கைபேசித் திரையைத் தொடவும் விரல்கள் திறந்திருக்க வேண்டும். ஆகவே விரல் மூடப்படாமை இதன் குறையன்று. இது பின்னப்படுவதற்கே அதுதான் காரணம்.

இந்த இடத்தில்தான் ‘விரலில்லாக் கையுறை’ என்ற பரிந்துரை எனக்கு இடறுகிறது. அது பிறமொழிச் சொல்லை அப்படியே பெயர்த்தது என்பது ஒருபுறமிருக்க, பொருளையும் குழப்புகிறது. குளிர்நாட்டார் அணியும், நான்கு விரல்களையும் ஒரே பையில் அடக்கும் கையுறைக்கும் தனித்தனி விரல்கள் இல்லை. ஆனால் அது விரல்களை முழுவதும் மூடுகிறது. ஒரே பெயர் நேர்மாறான இரண்டு பொருள்களுக்கும் பொருந்துமானால் அது கலைச்சொல்லாகப் பயன்படாது. ‘அரைக்கையுறை’ சுருக்கமானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அரைக்கைச் சட்டைக்குப் பழகிய கண், அதை ‘அரைக்கை உறை’ என்று பிரித்து, முழங்கைவரை நீளும் ஏதோ ஓர் உறை என்றே படிக்கும். ‘விரற்புட்டில்’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், எனினும் அது வில்லாளர் விரலை மூடிக் காத்த உறைக்குப் பெயர், விரலை மட்டும் மூடாத நம் பொருளுக்கு முற்றிலும் எதிரானது.

நான் முன்பு எழுதியது ‘விரல்விடு கையுறை’. ‘விரல்விட்டு எண்ணலாம்’ என்ற வழக்கை மனத்தில் வைத்து, விரலை வெளியே விடுகிற கையுறை என்று அதை வினைத்தொகையாக அமைத்தேன். வீட்டில் ஒரு சிறுமியிடம் சொல்லிப் பார்த்தபோது, “எல்லாக் கையுறையிலும் விரலை விடத்தானே செய்கிறோம்?” என்று கேட்டாள். ‘மூக்கில் விரலை விடாதே’ என்னும் மொழியில் ‘விடு’ என்பது நுழைப்பதையும் குறிக்கும் என்பதை நான் மறந்திருந்தேன். அத்துடன் அந்தச் சொல்லைக் கைவிட்டேன்.

இப்போது என் பரிந்துரை ‘வெறுவிரல் கையுறை’. வெறுங்காலோடு நடந்தான் என்றால் காலில் செருப்பில்லை என்றே கொள்கிறோம். கால் இல்லை என்று எவரும் கொள்வதில்லை. வெறுங்கை, வெறுவயிறு, வெறுவாய் எல்லாம் நாளும் புழங்கும் சொற்கள். வெறுவாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதையைத் தெரியாதவர் யார்? அந்த வரிசையில் வெறுவிரல் என்பதற்கு விளக்கம் தேவைப்படாது. தொடர்புடைய பிற வகைகளுக்கும் இதே அமைப்பில் பெயர் கிடைக்கிறது: விரல்களை ஒன்றாக அடக்குவது கூட்டுவிரல் கையுறை, நடுக்கணுவரை மட்டும் மூடுவது அரைவிரல் கையுறை. ‘அரை’ இங்கே விரலோடு ஒட்டிக்கொள்வதால் மேற்சொன்ன சட்டைக் குழப்பம் எழாது.

‘கையுறை’ என்பதையே மாற்ற வேண்டும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. சங்கப் பாடல்களின் துறைகளில் கையுறை என்பது தலைவன் கொண்டுவரும் தழையும் பூவுமாகிய பரிசைக் குறிப்பது உண்மைதான். குறுந்தொகையின் முதற்பாட்டே தோழி கையுறை மறுத்ததாக அமைந்தது. ஆயினும் இன்று அச்சொல்லைக் கேட்டுக் காந்தள் பூவை எதிர்பார்ப்பவர் இலர்.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்பதைச் செய்முறைக் குறிப்பில் இட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆகவே எழுதிப் பார்த்தேன்: “வெறுவிரல் கையுறையை மணிக்கட்டிலிருந்து தொடங்குக. கையின் சுற்றளவுக்கு இரட்டைப்படை எண்ணில் சங்கிலிக் கண்ணிகள் (சங்கிலிபோல் தொடரும் நூல் வளையங்கள்) இட்டு, முறுக்கின்றி வட்டமாக இணைக்க. பெருவிரல் தொடங்கும் இடம் வந்ததும் வட்டமாகப் பின்னுவதை நிறுத்தி, வரிசை வரிசையாகத் திருப்பித் திருப்பி 5 செ.மீ. பின்னிப் பிளவு விடுக. பின்னர் மீண்டும் வட்டமாக இணைத்து, விரற்கணுக்களுக்குச் சற்றுக் கீழே முடிக்க. பருத்தி நூலுக்குக் கம்பளிபோல் இழுபடும் தன்மை இல்லாததால், கையை நுழைக்க மணிக்கட்டில் சிறிது தளர்வு இருக்கட்டும்.” 2.5 முதல் 3 மி.மீ. வரையிலான ஊசிக்கும் மெல்லிய நூலுக்கும் இக்குறிப்பு பொருந்தும். படிக்கும்போது சொல் எங்கும் உறுத்தவில்லை.

இதை எழுதுகையில் வேறொரு சிக்கலும் தட்டுப்பட்டது; அது தனி இழைக்குரியது என்றாலும் குறித்துவைக்கிறேன். அமெரிக்கக் குறிப்புகளில் ‘ஒற்றை’ எனப்படும் கண்ணி பிரிட்டன் குறிப்புகளில் ‘இரட்டை’ எனப்படுகிறது. அமெரிக்கரின் ‘இரட்டை’ அங்கே ‘மும்மை’ ஆகிவிடுகிறது. நாம் இரு பக்கத்திலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்தால் ஒருவர் பின்னும் கையுறை இன்னொருவர் பின்னுவதைவிட இருமடங்கு உயரமாகக்கூடும். ஊசியை நுழைக்குமுன் நூலை எத்தனை முறை சுற்றுகிறோம் என்பதை வைத்துச் சுற்றிலாக் கண்ணி, ஒருசுற்றுக் கண்ணி, இருசுற்றுக் கண்ணி எனப் பெயரிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். ஒருமுறை சுற்றியும் உயரம் குறைவாக நிற்கும் கண்ணிக்கு மட்டும் வேறு பெயர் தேட வேண்டும்.

எழுத்துமுறை பற்றி ஒன்று: ‘வெறுவிரற்கையுறை’ என்று புணர்த்தி எழுதுவது இலக்கணப்படி தவறில்லை, ஆனால் இணையத்தில் தேடுபவருக்குக் கிட்டாமல் போகும். ‘வெறுவிரல் கையுறை’ என்று இடைவெளி விட்டே பதிவு செய்யலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள், முடிந்தால் ஒரு செய்முறை வரியில் இட்டுக் காட்டி மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.