றூலோ: காசடுக்கா, குத்தியடுக்கா?

குழுவினருக்கு வணக்கம்.

குருதிப் படலத்தில் செங்குழியங்கள் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி நிற்பதை றூலோ என்கிறோம். சொல் பிரெஞ்சு, தாளில் சுற்றிய காசு உருளை என்று பொருள். சில பாடக்குறிப்புகளில் இதைச் 'செங்குழிய ஒட்டல்' என்று எழுதுகிறார்கள். அது ஆபத்தான சொல். பிறபொருளெதிரி கலங்களைப் பிடித்துக் கட்டுவதற்கு 'ஒருங்கொட்டல்' என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. றூலோவில் அப்படி எதுவும் கட்டுவதில்லை. பைபிரினோஜனோ குளோபியூலினோ கூடும்போது கலங்களுக்கிடையேயான மின்னேற்றத் தள்ளுகை குறைகிறது, கலங்கள் அடுக்காகின்றன.

குருதிப் பொருத்தம் பார்க்கையில்தான் குழப்பம் வரும். நோயாளியின் நீர்ப்பாயம் (சீரம்) 2 துளி, சேலைனில் கலக்கிய 3–5% செங்குழியம் 1 துளி. சுழற்றிப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கு றூலோவும் ஒருங்கொட்டலும் கட்டிதான்.

றூலோவுக்குத் தமிழ்ச்சொல்லாக என் முன்மொழிவு: காசடுக்கு.

———

அண்ணை, காசு என்றால் இங்கே தாளும் காசுதான். நாணயத்துக்குக் குத்தி என்ற சொல் இருக்கிறதே. 'குத்தியடுக்கு' என்றால் என்ன? இல்லாவிட்டால் றூலோ என்றே விட்டாலும் குறையில்லை.

———

தம்பி, ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கிற இடத்தில் 'குத்தி' வேண்டாம். றூலோ என்றே விடுவதற்கும் மனமில்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தவர். நுணுக்குக்காட்டியில் தினமும் காணும் ஒன்றுக்கு நமக்குச் சொல் வராதா?

'அடுக்கு' என்பதை நான் விடாமல் பிடிப்பதற்குக் காரணம், அடுக்கு கலையும். சேலைன் மாற்றீட்டில் பார்ப்பதும் அதைத்தான். ரியூபைத் திரும்பச் சுழற்றி, அடியிலுள்ள கலங்களைக் குலைக்காமல் நீர்ப்பாயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்து, 2 துளி சேலைன் விட்டு, மெல்லக் கலந்து, மறுபடி சுழற்றிப் பார்க்க வேண்டும். காசடுக்கு கலைந்து சீரான கலங்கலாகும். ஒருங்கொட்டல் அப்படியே நிற்கும். நீர்ப்பாயம் மிச்சம் கிடந்தால் புரதமும் மிச்சம், அடுக்கும் கலையாது. பலமாகக் குலுக்கினாலோ பலவீனமான ஒருங்கொட்டலும் உடைந்து, காசடுக்கு என்று ஏமாற்றும்.

இன்னொன்று. கூம்ப்ஸ் கட்டத்தில் (கலத்தில் ஒட்டிய பிறபொருளெதிரியைத் தேடும் சோதனை) கலங்களைச் சேலைனில் மூன்று நான்கு தரம் கழுவியாயிற்று. அதன் பிறகும் கட்டி தெரிந்தால் காசடுக்கு என்று தட்டிக்கழிக்கக் கூடாது.

———

குருதிக் குழுப்பிரிப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். மயலோமா (குளோபியூலின் மிகையாகும் ஒரு புற்றுநோய்) நோயாளியின் நீர்ப்பாயத்தில் ஏ கலமும் பி கலமும் சேர்ந்தே அடுக்கும். நோயாளியின் கலத்தைச் சோதிக்கும் கலப்பக்கம் ஏபி என்றும் அவரது நீர்ப்பாயத்தைச் சோதிக்கும் நீர்ப்பாயப் பக்கம் ஓ என்றும் முரணாக வந்தால் முதற்சந்தேகம் இதுதான்.

ஈ.எஸ்.ஆர். (செங்குழியங்கள் குழாயில் படியும் வேகம்) ஏறுவதையும் இந்தச் சொல் இலகுவாக விளக்கும். 200 மி.மீ. வெஸ்டர்கிறன் குழாயில் தனிக்கலம் மெல்ல இறங்கும், அடுக்கு விரைவாக இறங்கும். அரிவாட் கலம் சரியாக அடுக்காது. வாசிப்பும் குறைவாகவே வரும்.

———

சரி, குத்தியை விட்டேன். ஆனால் படலத்தின் தடித்த பகுதியில் எவருக்கும் காசடுக்கு தெரியும். கலங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கிற மெல்லிய பகுதியில் கண்டால்தான் அறிக்கையில் எழுதுவது. வினையாக்கி 'காசடுக்காதல்' என்று போட்டு வதைக்க வேண்டாம். மாதிரி வரி:

'மெல்லிய பகுதியில் காசடுக்கு மிகை. சேலைன் மாற்றீட்டில் கலைந்தது. ஒருங்கொட்டல் இல்லை.'