கரையை ஒட்டி எதிர்காற்றில் செல்லும்போது "ரூம் டு டேக்" என்று குரல் கேட்டால் யார் விலக வேண்டும்?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நடக்கும் வார இறுதிப் பந்தயங்களில் ஜே/105 வகைப் படகு ஒன்றில் பாய்க்கயிறு பிடிப்பவனாகச் சென்று வருகிறேன். கோடையில் மேற்குக் காற்று வலுத்திருக்கும்போது, விரிகுடாவின் வாயான கோல்டன் கேட் வழியாக ஏற்றநீரோட்டமும் உள்ளே வந்துகொண்டிருந்தால், அதன் இழுப்பிலிருந்து தப்புவதற்காக எல்லாப் படகுகளும் நகரக் கரையை ஒட்டியே குறுகிய டேக்குகளாகப் போட்டு, அதாவது காற்று மறுபக்கத்திலிருந்து படும்படி முகப்பைத் திருப்பித் திருப்பி, மேற்கே ஏறும். அங்கே ஸ்டார்போர்டு டேக் (காற்று படகின் வலப்பக்கத்தில் படும் ஓட்டம்) கரையை நோக்கியும் போர்ட் டேக் (இடப்பக்கத்தில் படும் ஓட்டம்) கரையை விட்டு வெளியேயும் கொண்டுபோகும்.

சென்ற பந்தயத்தில் நாங்களும் இன்னொரு படகும் ஸ்டார்போர்டு டேக்கில் கரையை நெருங்கினோம். காற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருந்த அந்தப் படகு "ரூம் டு டேக்" (டேக் செய்ய இடம் கொடு) என்று குரல் கொடுத்தபோது, ஆழம் இன்னும் போதுமானதாக இருக்கிறது என்று சொல்லி எங்கள் ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) அசையவில்லை. அவர்கள் மறுபடியும் கத்திய பிறகே டேக் செய்தோம். திரும்பிய உடனே, எங்களுக்கு மேல்காற்றில் (காற்று வரும் பக்கத்தில்) சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்த மூன்றாவது படகு, போர்ட் டேக் படகு விலக வேண்டும் என்ற ஸ்டார்போர்டு உரிமையைக் கோரியதால், அதன் பின்புறமாக இறங்கிப் போக நேர்ந்தது. குரலுக்குப் பணிந்து திரும்பிய எங்களுக்கு அந்த மூன்றாவது படகு இடம் தந்திருக்க வேண்டாமா?

மறுமொழி 1

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்கு விடை எளிது: உங்கள் ஸ்கிப்பர் செய்தது தவறு. பாய்மரப் பந்தய விதிகளில் 20ஆம் விதி, தடையை நெருங்கும் படகு பாதுகாப்பாக அதைத் தவிர்க்க விரைவில் பெரிய அளவில் திசை மாற வேண்டியிருந்து, அது முடிந்தவரை காற்றை நெருங்கியும் ஓடிக்கொண்டிருந்தால், அதே டேக்கில் உள்ள பக்கத்துப் படகிடம் டேக் செய்ய இடம் கேட்கலாம் என்கிறது. அந்தக் குரல் அவசரப்பட்டு எழுப்பப்பட்டதாகவே இருந்தாலும் கேட்ட படகு பதில் செய்தே ஆக வேண்டும் என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. குரல் கொடுத்தவர் விதியை மீறினாரா என்பதைக் கரைக்கு வந்தபின் முறையீட்டுக் குழுவில் பேசிக்கொள்ளலாம். சுமார் இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கீழிறங்கும் கீல் (அடிப்பகுதித் தகடு) கொண்ட இரு படகுகள் பாறைகளை நோக்கி ஓடும்போது பேசுவதற்குரிய விஷயம் அல்ல அது.

பதில் செய்ய உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. கூடிய விரைவில் நீங்களே டேக் செய்யலாம்; அல்லது உடனே "யூ டேக்" (நீ டேக் செய்) என்று சொல்லிவிட்டு, அவர்கள் திரும்பி உங்களைத் தவிர்த்துப் போவதற்குத் தேவையான இடத்தைக் கொடுக்கலாம். நீங்கள் எதைத் தேர்ந்தாலும், பதில் கிடைத்ததும் குரல் கொடுத்தவரும் கூடிய விரைவில் டேக் செய்தாக வேண்டும். உங்களைத் திருப்பிவிட்டுத் தான் மட்டும் கரையோரம் நேராகப் போய்க்கொண்டிருக்க அவருக்கு உரிமையில்லை.

இரண்டாவது கேள்விதான் பலரும் தவறவிடுவது. அந்த மூன்றாவது படகும் உங்களைப் போலவே ஸ்டார்போர்டு டேக்கில் இருந்தது. டேக் செய்து பதில் சொல்ல நினைக்கும் படகு, தனக்கு மேல்காற்றில் அதே டேக்கில் இருக்கும் அடுத்த படகிடம் தானும் இடம் கேட்டுக் குரல் கொடுக்கலாம். அது தானே தடையை நெருங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட அங்கே இல்லை. நீங்கள் திரும்புவதற்கு முன் அப்படிக் கேட்டிருந்தால் அந்தப் படகு உங்களுக்குக் கட்டுப்பட்டிருக்கும். கேட்காமல் திரும்பிவிட்டதால் திரும்பும்போது 13ஆம் விதிப்படியும், திரும்பி முடித்தபின் சாதாரண போர்ட் டேக் படகாக 10ஆம் விதிப்படியும் விலகும் கடமை உங்களுடையதாகிவிட்டது. முதல் படகின் குரல் அந்தப் படகுக்கும் உங்களுக்கும் இடையில் எதையும் மாற்றுவதில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். அதே இடத்தில் அடுத்த நிமிடமே வரக்கூடிய நிலையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அங்கேதான் சத்தம் அதிகமாகக் கேட்கும். கரையிலிருந்து நீங்கள் இருவரும் போர்ட் டேக்கில் வெளியே வருகிறீர்கள், எதிரே ஸ்டார்போர்டு டேக்கில் ஒரு படகு வருகிறது என்று வையுங்கள். இருவருமே அதற்கு விலக வேண்டியவர்கள் என்பதால், பாறையைப் போலவே அந்தப் படகும் உங்களுக்கு ஒரு தடை. உங்கள் இருவரில் கீழ்க்காற்றுப் படகுக்கே வழியுரிமை இருப்பதால், எந்தப் பக்கம் கடப்பது என்பதை அதுவே தேர்ந்துகொள்ளும். அது டேக் செய்ய விரும்பினால் மேல்காற்றுப் படகிடம் குரல் கொடுக்கலாம். பின்புறமாக இறங்கிக் கடக்க விரும்பினால், உள்பக்கத்தில் ஒட்டி வரும் மேல்காற்றுப் படகும் அதே வழியில் இறங்குவதற்கான இடத்தை 19ஆம் விதிப்படி கொடுக்க வேண்டும். "எனக்கு வழியுரிமை இருக்கிறது" என்று சொல்லி அந்த இடைவெளியை அடைக்க முடியாது.

நகரக் கரையில் நான் பெரும்பாலும் இறங்கிப் போவதையே விரும்புவேன். டேக் செய்தால் மீண்டும் கரையை நோக்கித்தான் போவோம். சில படகு நீளங்களில் மறுபடியும் திரும்ப வேண்டியிருக்கும்.

மறுமொழி 3

நான் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பக்கம் ஓட்டுபவன். இங்கே கவ்ஸ் கரையோரத்திலும் இதே நாடகம் நடக்கும். ஆனால் சோலன்ட் நீரிணையில் பாறையைவிடப் பெரிய தடை சரக்குக் கப்பல். 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் துறைமுகக் கால்வாயின் குறிப்பிட்ட பகுதியில் செல்லும்போது, அதன் முன்னால் 1000 மீட்டருக்கும் இருபுறமும் 100 மீட்டருக்கும் சிறு படகுகள் நுழையக்கூடாது. 2011 ஆகஸ்டில் கவ்ஸ் வாரப் பந்தயத்தின்போது ஹன்னே நுட்சன் என்ற எண்ணெய்க் கப்பலின் முன் ஒரு பந்தயப் படகு சிக்கி மோதியது. அதன் ஸ்கிப்பர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பிடப்பட்டார். பந்தய விதிகள் படகுகளுக்கு இடையில்தான் செல்லும். கப்பலிடம் "ரூம்" கேட்க முடியாது.

இன்னொன்று, பந்தயத்தில் இல்லாத படகிடமும் இந்தக் குரல் செல்லாது. பொதுக் கடல் விதிகளில் மேல்காற்றுப் படகு விலக வேண்டும் என்பது உண்டு, ஆனால் டேக் செய்ய இடம் கேட்கும் ஏற்பாடு இல்லை. அங்கே முன்கூட்டியே வேகம் குறைத்துத் திரும்பிவிடுவதே வழி.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இருபது நாட் காற்றில் குரல் கேட்காவிட்டால் என்ன செய்வது என்பது மட்டும் புரியவில்லை.

மறுமொழி 1

குரல் கேட்காமல் போகக்கூடிய சூழலில், தேவையைத் தெளிவாகக் காட்டும் சைகை ஒன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று 2021 முதல் விதியிலேயே இருக்கிறது, பதிலுக்கும் அப்படியே. கையை உயர்த்தித் திரும்பும் திசையைக் காட்டுவது எங்கள் வழக்கம். அடுத்த பந்தயத்துக்கு முன் உங்கள் ஸ்கிப்பருடன் பேசி, அந்தச் சைகையையும் மேல்காற்றுப் பக்கத்தைக் கவனித்துக் குரலைக் கடத்தும் பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.