50 மீட்டர் ப்ரோன்: வலது காற்றுக்குக் குண்டு ஏன் மேலயும் ஏறுது?

புதுஸ்லிங்:
10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல இருந்து 50 மீட்டர் ப்ரோனுக்கு (படுத்துச் சுடுறது) வந்திருக்கேன். பாயிண்ட் 22 மேட்ச் தோட்டா, டயாப்டர் சைட் (சின்ன ஓட்டை வழியா பார்க்கிற பின் சைட்). காலைல 7 மணிக்கு எல்லாம் நடு வளையமான பத்துலயே விழுது. 10 மணிக்கு மேல வலப்பக்கக் காற்று எழும்பினா 8, 7-ன்னு இடது பக்கம் ஓடுது, கொஞ்சம் மேலயும் ஏறுது. இது காற்றா, நான் படுக்கிற விதமா? வேகமான தோட்டா வாங்கினா குறையுமா?

பத்துமணிக்கோடு:
காற்றுதான். உங்கள் பேரலின் உள்வரி வலஞ்சுழியாக இருக்கும், அதாவது குண்டை வலப்பக்கமாகச் சுழற்றும். இலக்கைக் கடிகார முகமாக நினைத்தால், அதில் வலமிருந்து வரும் காற்று குண்டை 10 மணிப் பக்கமும் (இடது மேல்), இடமிருந்து வரும் காற்று 4 மணிப் பக்கமும் (வலது கீழ்) தள்ளும். அதனால் சைட்டை வலப்பக்கம் சில கிளிக் (திருகின் படிகள்) வைத்தால் மட்டும் போதாது, கீழேயும் கொஞ்சம் இறக்க வேண்டும். எவ்வளவு என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், சுட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவு இப்படி வரும். குண்டு விநாடிக்கு 328 மீட்டரில் கிளம்பி, இலக்கைத் தொடும்போது சுமார் 305-க்கு இறங்கியிருக்கும். வேகம் குறையாவிட்டால் 0.152 விநாடியில் போய்ச் சேரும், நிஜத்தில் 0.158 ஆகிறது. இந்த 0.006 விநாடித் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். அதாவது குறுக்கே 1 மீ/வி அடித்தால் 6 மி.மீ. வளையத்துக்கு வளையம் 8 மி.மீ.தான். 3 மீ/வி காற்றில் 18 மி.மீ. நகர்ந்தால் விழுவது 8.

வேகமான தோட்டா வேண்டாம். ஒலியை மிஞ்சிக் கிளம்பும் குண்டைக் காற்று இன்னும் பலமாகப் பிடித்திழுக்கும். தாமதம் கூடும், விலகலும் கூடும். மேட்ச் தோட்டாவை ஒலி வேகத்துக்குக் கீழே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடிபார்ப்பவன்:
கொடி 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் இருக்கும். இரண்டும் இரண்டு சொன்னால் 10 மீட்டர் கொடியை நம்புங்க. குழல்வாய்க்குப் பக்கத்துல திரும்பின குண்டு அந்தக் கோணத்துலயே மிச்ச தூரம் பூரா போகும்.

பயப்பட வேண்டியது நேர்க் குறுக்குக் காற்றுக்கு இல்ல, எதிர்க்காற்றுக்கு. இலக்கு 12 மணின்னு வச்சுக்கிட்டா, 2 மீ/வி காற்று 1 மணித் திசையில இருந்து வர்றது 11-ல இருந்து வர்ற மாதிரிப் புரண்டா, பார்க்க ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனா குண்டு 6 மி.மீ. இடம் போறதுக்குப் பதிலா 6 மி.மீ. வலம் போகும். மொத்தம் 12, ஒன்றரை வளையம். அந்த மாதிரி நாள்ல கொடியோட நுனியை மட்டும் பாருங்க.

அடிக்கடி திரும்பி வர்ற ஒரு காற்றைத் தேர்ந்தெடுத்து, சைட்டர்லயே (கணக்கில் சேராத முன்சுடுகை) அதுக்கு ஜீரோ வைங்க, அதாவது அந்தக் காற்றுல குண்டு நடுவுல விழற மாதிரி சைட்டைத் திருப்புங்க. அது இருக்கும்போது சுடுங்க, மாறினா நிறுத்துங்க. நிறுத்தும்போது தோட்டாவை வெளியே எடுத்துடுங்க. சூடான பேரல்ல ஒரு நிமிஷம் உட்கார்ந்த தோட்டா பெரும்பாலும் உயரமா போகும். அதைக் காற்று மேல பழி போட்டுக் கிளிக்கைத் திருப்பிடுவோம்.

பத்துமணிக்கோடு:
காத்திருக்கலாம், ஆனால் 60 தோட்டாவுக்கு 50 நிமிடம்தான். விட்டுவிட்டு அடிக்கிற நாளில் அரை வளையம் வரை குறியைத் தள்ளிப் பிடிக்கத் தெரிய வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் கண் தானாகவே கறுப்பை (இலக்கின் நடுக் கறுப்பு வட்டம்) நடுவுக்கு இழுத்துவிடும். அப்போது கிளிக்தான் வழி.

புதுஸ்லிங்:
ரொம்ப நன்றி. ஈரப்பதம், வெயில் இதெல்லாம்? கடற்கரை ஊர்ல காற்று கனமா இருக்கும்னு சொல்றாங்களே?

கொடிபார்ப்பவன்:
நேர் எதிர். ஈரக் காற்று உலர்ந்த காற்றைவிட லேசு. 50 மீட்டர்ல அதைக் கணக்குலயே எடுக்க வேண்டாம். தோட்டா டப்பாவை மட்டும் நிழல்ல வைங்க. குண்டு மேல இருக்கிற மெழுகு வெயில்ல இளகும், கிளம்புற வேகமும் மாறும். 3 மீ/வி வித்தியாசத்துக்கே உயரத்துல 2 மி.மீ. போயிடும்.

கானல் வேற விஷயம். இலக்கோட பிம்பமே காற்று போற பக்கம் நகர்ந்து தெரியும், கறுப்போட விளிம்பு கொதிக்கும். முன் சைட் வளையத்தை ஒரு அளவு பெருசாக்குங்க. கானல் உங்க பேரல்ல இருந்தே எழும்புதுன்னா, பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் நடுவுல பேரல் மேல ஒரு பட்டை நாடா இழுத்துக் கட்டினா போதும்.

இன்னொண்ணு: டயாப்டர்ல ஒரு கிளிக் எத்தனை மி.மீ.னு கேட்டலாக்கைப் பார்த்துச் சொல்லாதீங்க. காற்றில்லாத காலைல 5 தோட்டா, அப்புறம் 10 கிளிக் வலம் வச்சு இன்னொரு 5. ரெண்டு குரூப்போட நடுப்புள்ளிக்கும் இடைப்பட்ட தூரத்தைப் பத்தால வகுங்க.