வீட்டுக் கணினிகள்: எது உழைக்கிறது, எது படுத்துகிறது?

மூன்று வகைக் கணினிகளை ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு மாரடிக்கும் அனுபவத்தில் எழுதுகிறேன். பாகங்களாக வாங்கி அசெம்பிள் செய்த விண்டோஸ் மேசைக்கணினி ஒன்று, மகளுடைய மேக்புக் ஏர் ஒன்று, அப்பாவுக்கு உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்று. அடிக்கடி படுத்துக்கொண்டது எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு மேசைக்கணினியைச் சொல்வேன். வயதில் மூத்ததும் அதுதான், இன்றும் தினமும் ஓடுவதும் அதுதான்.

அதற்கு வந்த நோய்களில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் இயக்கியபோது தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. திருத்திவிட்டால் அன்று முழுவதும் ஒழுங்காக இருக்கும். இரவு சுவிட்சை அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் மறுபடியும் பழைய தேதி. வங்கித் தளம், மின்னஞ்சல் எதுவும் திறக்காது. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் அலறும். வைரஸ் என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்ன உறவினரும் உண்டு.

விஷயம் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி. சி.ஆர். 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதன் வேலை. அது தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடுகிறது. தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தப் பழைய தேதியில் இன்னும் வழங்கப்படவே இல்லை, ஆகவே பிரவுசர் ஏற்க மறுக்கிறது. பக்கத் தகட்டைக் கழற்றி, சிறு கொக்கியை நகர்த்தி, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதிய பேட்டரியை வைத்து, கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸில் தேதியைத் திருத்தினேன். வைரஸ் ஓடிப்போயிற்று!

மற்றவையும் இதே கதைதான். பீப் ஒலியோடு திரை இருண்டு நின்றபோது ராம் எனும் தற்காலிக நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் தேய்த்து, இரு பக்கமும் 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்தியதில் சரியாயிற்று. பவர் சப்ளை விசிறி கரகரத்தபோது அந்தப் பெட்டியையே மாற்றினேன். அதை மட்டும் யாரும் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் ஆளைத் தூக்கி எறியும் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

மேக்புக் ஏருக்கு நான் எதுவுமே செய்ததில்லை. 2020-இல் வந்த எம்1 சிப் மாடல் அது. விசிறியே கிடையாது, அதனால் தூசி இழுப்பதும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் அந்த நிம்மதியில் ஒரு கண்டம் ஒளிந்திருக்கிறது. ராம், சேமிப்பகம் இரண்டுமே போர்டோடு பற்றவைக்கப்பட்டவை. சேமிப்பகத் தரவு மறைகுறியாக்கப்பட்டு அந்தப் போர்டின் சிப்போடு பிணைக்கப்பட்டிருக்கிறது. போர்டு போனால் நினைவகச் சில்லை மட்டும் எடுத்து வேறொன்றில் பொருத்திப் படிக்க முடியாது. எனவே மேக்கைப் பராமரிப்பது என்றால் ஒரே வேலைதான்: வெளி ஹார்ட் டிஸ்கில், மேக்கிலேயே உள்ள டைம் மெஷின் வசதி எடுக்கும் நகல் தவறாமல் ஏறுகிறதா என்று பார்ப்பது. மகள் பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன்.

அப்பாவின் மடிக்கணினி பழுதாகி உபுண்டுவுக்கு மாறவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வன்பொருள் வசதியைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை ஏற்பதில்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லாத கணினியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டு அப்டேட் உண்டு. ஒரு முறை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை காணாமல் போயிற்று. தொடக்க மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்ததும் திரும்பி வந்தது. அப்பாவால் இதைத் தனியாகச் செய்திருக்க முடியாது. லினக்ஸ் போட்டுக் கொடுப்பவர் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும்.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு: மேசைக்கணினியைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் இன்று வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் மடிக்கணினிகள். சொந்தபந்தங்களின் கணினிகள் பழுதானால் என்னிடம்தான் வரும். "விண்டோஸ் மோசம், ஒரே மந்தம்" என்று கொண்டுவருவார்கள். திறந்தால் வெப்பத்தை வெளியேற்றும் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். சூடேறியதும் புராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, பழி இயங்குதளத்தின் மேல் விழுகிறது.

இன்னொன்று, ஷட் டவுன் செய்தால் விண்டோஸ் முழுமையாக அணைகிறது என்று நினைக்கிறோம். வேகத் தொடக்க வசதி இயங்கும் கணினிகளில் கெர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பாதிப் புகார்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளவர்கள், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 ஆகிய எண்களுக்கு நேரே இருக்கும் மதிப்பைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளும், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளும் அவை. அவை ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

டச்பேட் திடீரென்று அழுத்தக் கடினமாகிவிட்டாலோ, ஒரு மூலை மேலே தூக்கினாலோ, அடியில் பேட்டரி உப்புகிறது என்று சந்தேகப்படுங்கள். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள். உப்பிய இடத்தைக் கையால் அமுக்கிச் சமன் செய்ய முயன்ற ஒருவரைப் பார்த்து எனக்குக் குலை நடுங்கியது. துளை விழுந்தால் தீப்பிடிக்கும்.

* * *

நான் கூகுளின் குரோம் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் மடிக்கணினி வைத்திருக்கிறேன். பராமரிப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. 2021 முதல் வந்த மாடல்களுக்கு பத்து ஆண்டு அப்டேட் உண்டு. ஆனால் அந்தக் கணக்கு நாம் வாங்கும் நாளில் தொடங்குவதில்லை, அந்த வன்பொருள் வெளியான நாளில் தொடங்குகிறது. பழைய சரக்கு வாங்கினால் ஆயுளில் ஒரு பகுதி முன்பே கழிந்திருக்கும். பழைய மேக் வாங்குவோரும் கவனியுங்கள்: இன்டெல் சிப் மேக்களுக்கு 2025-இல் வந்த டஹோதான் மேக் இயங்குதளத்தின் கடைசிப் பதிப்பு.

* * *

முதலில் எழுதியவன் மீண்டும். டச்பேட் தகவலுக்கு நன்றி, அப்பாவின் மடிக்கணினியை இன்றே புரட்டிப் பார்த்துவிட்டேன், தட்டையாகத்தான் இருக்கிறது. அது எப்போதும் சார்ஜரிலேயே கிடப்பதால் 80 விழுக்காட்டோடு நிறுத்தும்படி அமைத்தேன், பயாஸிலேயே அந்த வசதி இருந்தது. புதிதாக வாங்குபவர்கள் அந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேட்டை முன்கூட்டியே இறக்கிப் பாருங்கள். பேட்டரியைத் திருகாணியால் பொருத்தியிருக்கிறார்களா, பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும்.